காய்ச்சலும் பாய்ச்சலும்

காவிரி நாட்டின் கடைமடைப் பகுதியில் நெல் பயிரிடும் உழவரிடையே 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்றொரு தொடர் வழங்குகின்றது. வயலில் எந்நாளும் நீர் தேங்கி நிற்குமாறு விடுதல் நல்ல வேளாண்மை அன்று என்பது அதன் கருத்து. நீரைப் பாய்ச்ச வேண்டும். அந்நீர் வற்றி, மண்ணில் மயிரிழை போன்ற வெடிப்புத் தோன்றும்வரை காயவிட வேண்டும். அதன்பின் மீண்டும் பாய்ச்ச வேண்டும். காயும் காலத்தில் மண்ணினுள் காற்றுப் புகுகின்றது. வேர் நீரைத் தேடி ஆழச் செல்கின்றது. பயிர் நன்கு தூர் கட்டுகின்றது. இம்முறையை அறியாதவன், வாய்க்காலில் தண்ணீர் கண்டபோதெல்லாம் மடையைத் திறந்துவிட்டு, தன் வயலில் நீர் நிறைந்திருப்பது கண்டு மகிழ்ந்திருப்பான். அவனுக்கு அறுவடையில்தான் உண்மை விளங்கும்.

நாகப்பட்டினத்தில் சம்பா அறுவடை தை, மாசித் திங்கள்களில் முடிகின்றது. களத்து மேட்டில் வைக்கோற்போர் எழும் அந்நாள்களிலேயே பள்ளிகளில் பொதுத்தேர்வும் நெருங்குகின்றது. அப்பொழுது வீடுதோறும் மாணவர் செய்வது மடையைத் திறந்துவிடும் வேலையே அன்றி வேறில்லை. ஆவணியிலும் புரட்டாசியிலும் திறவாத நூலை மாசியில் திறக்கின்றனர். திறந்தபின் மூடுவதே இல்லை. இரவெல்லாம் விளக்கெரிகின்றது. தாய் தேநீர் காய்ச்சிக் காய்ச்சிக் கொடுக்கின்றாள். "என் மகன் கண்ணை மூடவே இல்லை" என்று தந்தை அண்டை வீட்டாரிடம் பெருமையாகச் சொல்கின்றார். முப்பதாண்டுக்கு மேல் தமிழாசிரியனாக இருந்து இக்காட்சியைக் கண்டவன் யான். கண்ணை மூடாமையைப் பெருமையாகக் கருதும் இவ்வெண்ணத்தைக் குறித்தே ஈண்டுச் சில சொல்ல விரும்புகின்றேன்.

கற்கும் முறையைப் பற்றி நம் முன்னோர் சிந்தியாமல் விட்டவர் அல்லர். 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், எழுத்தையும் சொல்லையும் கூறப் புகுமுன், ஆசிரியன் எத்தகையன், மாணாக்கன் எத்தகையன், பாடம் கேட்பது எவ்வாறு என்பவற்றைப் பாயிரத்திலேயே வகுத்துவிட்டார். ஆசிரியர் சொன்னதை ஒருவன் எத்துணைக் கவனமாகக் கேட்டாலும், அதனால் அவனுக்குக் கிடைப்பது காற்பங்குப் புலமையே என்பது அவர் கணக்கு. உடன் பயிலும் தோழரோடு உசாவுவதனால் மற்றொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கோ, தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதுதான் வந்து சேரும். இக்கணக்கில் ஒன்றை நோக்குக. நூலைக் கையில் வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் பார்த்துக்கொண்டே இருத்தலுக்கு முனிவர் தனிப்பங்கு எதுவும் ஒதுக்கவில்லை.

மேலை நாட்டு உளவியலாரும் இதனை ஆய்ந்துள்ளனர். செருமானிய அறிஞர் எபிங்கௌசு, பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு காலத்தில் எவ்வளவு மறக்கின்றது என்று அளந்து 1885-இல் ஒரு நூல் வெளியிட்டார். கற்றதில் பெரும்பகுதி முதற் சில மணி நேரத்திலேயே மறந்துபோகின்றது. அதன்பின் மறதியின் விரைவு குறைகின்றது. ஒரே அமர்வில் பலமுறை ஓதுவதைக் காட்டிலும் நாள் இடைவெளி விட்டு ஓதினால் குறைந்த முயற்சியிலேயே மனத்தில் நிற்கின்றது என்று அவர் கண்டார். 2006-இல் அமெரிக்க நாட்டு ரோடிகரும் கார்ப்பிக்கும் மாணவர்க்கு உரைநடைப் பகுதிகளைக் கொடுத்து மற்றோர் ஆய்வு செய்தனர். ஒரு சாரார் பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தனர். மறு சாரார் படித்தபின் நூலை மூடிவிட்டு நினைவில் உள்ளதை எழுதிப் பார்த்தனர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவரே மிகுதியாகச் சொன்னார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலை மாறிவிட்டது. எழுதிப் பார்த்தவரே முந்தி நின்றனர். படித்து முடித்த அந்த ஐந்து நிமிடத்தில் தோன்றும் தெளிவை நம்பித்தான் மாணவர் பலர் ஏமாறுகின்றனர். தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை அன்றோ?

யான் திருவையாற்றில் புலவர் வகுப்புப் பயின்றபோது எங்கள் ஆசிரியர் கையாண்ட முறை மிக எளியது. புதுப்பாடம் தொடங்குமுன் பழம்பாடம் ஒப்பிக்க வேண்டும். முதல் நாள் பாடம் மட்டும் அன்று. நான்கு நாளைக்கு முன்னும், பதினைந்து நாளைக்கு முன்னும் கேட்டவற்றுள் எதனையும் அவர் கேட்பார். ஏடு மூடியிருக்க வேண்டும். ஒருவன் தடுமாறினால் வையமாட்டார், அடுத்தவனை நோக்குவார், அவன் சொல்லியதை முன்னவன் மீண்டும் சொல்ல வேண்டும். மாலையில் காவிரிப் படித்துறையில் நாங்கள் இருவர் இருவராக அமர்ந்து, ஒருவன் ஆசிரியனாகவும் மற்றவன் மாணாக்கனாகவும் மாறி மாறிப் பாடம் சொல்வோம். பொருள் விளங்காத நூற்பாவைப் பொருள் விளங்கியதுபோல் சொல்ல முயன்றால் எதிரில் இருப்பவன் முகமே காட்டிக் கொடுத்துவிடும். இன்று கடைகளில் விற்கும் வினாவிடைக் கையேடுகளுக்கு அத்தகைய முகம் இல்லை. அவை எதைச் சொன்னாலும் தலையசைக்கும் தோழனைப் போன்றவை.

ஆதலின், மாணவர்களே, ஒரு பாடத்தைப் படித்தபின் நூலை மூடுங்கள். நினைவில் உள்ளதை ஒரு தாளில் எழுதுங்கள். பின்னர் நூலைத் திறந்து, விட்டுப்போனவற்றை வேறு நிற மையால் குறியுங்கள். மறுநாளும், நான்காம் நாளும், பத்தாம் நாளும் அவ்வாறே செய்யுங்கள். முதன்முறை பாதிகூட வாராது. அது கண்டு அஞ்ச வேண்டா. வாராதவை எவை என்று அறிவதற்கே அம்முயற்சி. தம்பி தங்கையர் இருப்பின் அவர்க்குச் சொல்லிக் கொடுங்கள். கேட்பதற்கு ஒருவரும் இல்லையேல் சுவருக்குச் சொன்னாலும் தாழ்வில்லை.

நாகையிற் பிறந்தவர் ஒருவரின் கல்வியை ஈண்டு நினைத்தல் தகும். 1876-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 15-ஆம் நாள் பிறந்த வேதாசலம் என்னும் அவரே பின்னாளில் மறைமலையடிகள் எனப் பெயர் பெற்றார். நாகையிலிருந்த வெசுலியன் மிஷன் பள்ளியில் அவர் படித்துக்கொண்டிருந்தபோது தந்தையார் மறைந்தார். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிப் படிப்பு நின்றது. தாயார் சின்னம்மையாரின் ஆதரவில் இருந்த அவ்விளைஞர், அவ்வூரில் புத்தகக் கடை வைத்திருந்த நாராயணசாமிப் பிள்ளை என்னும் புலவரிடம் தமிழ் கேட்கலானார். கடைக்கு வந்த நூல்களே அவர்க்குப் பாடநூல்களாயின. தொல்காப்பியம், திருக்குறள், திருச்சிற்றம்பலக் கோவையார் ஆகிய மூன்றையும் இளமையிலேயே நெட்டுருச் செய்தார். நெட்டுரு என்றவுடன் பொருளறியாது ஒப்பித்தல் என்று இக்காலத்தார் எண்ணிவிடுகின்றனர். பொருளுணர்ந்து நெட்டுருச் செய்த நூல், வேண்டும் இடத்தில் வேண்டும்போது தானே வந்து உதவும். அதற்குச் சான்றாக அவர் வாழ்வில் நிகழ்ந்ததாகத் தமிழாசிரியர் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி ஒன்று உண்டு.

1898-ஆம் ஆண்டில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியர் பணிக்கு ஒருவர் தேவைப்பட்டார். வேதாசலம் விண்ணப்பித்தார். அவர்க்கு அப்போது இளம் அகவை. கல்லூரிப் பட்டம் எதுவும் இல்லை. பள்ளியிறுதித் தேர்வும் எழுதியவர் அல்லர். அவரைத் தேர்ந்து நோக்கியவரோ, பரிதிமாற் கலைஞர் எனப் புகழ்பெற்ற வி. கோ. சூரியநாராயண சாத்திரியார். உடனிருந்தோர் முன்னிலையில் சாத்திரியார், குற்றியலுகரத்திற்கு எடுத்துக்காட்டுத் தருமாறு கேட்டார். "அஃது எனக்குத் தெரியாது" என்றார் வேதாசலம். உடனிருந்தோர் திகைத்தனர், இலக்கணத்தின் தொடக்கப் பாடமே தெரியாதவர்க்குக் கல்லூரியில் ஆசிரியப் பணியா என்று எண்ணினர். சாத்திரியார் முகத்திலோ மகிழ்ச்சி தோன்றியது. 'அஃது' என்பது ஆய்தத்தொடர்க் குற்றியலுகரம். 'எனக்கு' என்பது வன்றொடர்க் குற்றியலுகரம். 'தெரியாது' என்பது உயிர்த்தொடர்க் குற்றியலுகரம். ஒன்று கேட்க மூன்று கிடைத்தன! வேதாசலம் பணியில் அமர்ந்தார். 1911 வரை அக்கல்லூரியில் தமிழ் கற்பித்தார்.

இச்செய்தியைச் சொல்லி மாணவரைச் சிரிக்க வைப்பது எங்களுக்கு வழக்கம். ஆனால் சிரிப்பதற்கு மட்டும் உரியதன்று இது. நெஞ்சு படபடக்கும் ஒருவன் வாயிலிருந்து அத்தகைய விடை வருமா? இலக்கணம் அறிந்தவர் பலர் அன்றும் இருந்தனர். தம் வாழ்வை முடிவு செய்யும் ஒரு நாற்காலியில் அமர்ந்து, எதிரிலிருப்பவரோடு சொல்லாடி மகிழும் அளவிற்கு அமைதி அவர்க்கு எங்கிருந்து வந்தது? பல்லாண்டு நூலை மூடிவைத்துச் சொல்லிப் பார்த்த பழக்கமே அதற்குக் காரணம் என்பது என் துணிபு. அமைதி என்பது தேர்வு நாளன்று காலையில் வேண்டி வரவழைக்கும் பொருள் அன்று.

ஆயினும், நன்கு படித்தவர்க்கும் தேர்வுக்கூடத்தில் கை நடுங்குவதுண்டு. வினாத்தாளைக் கண்டவுடன் யாவும் மறந்ததுபோல் தோன்றும். அதற்கும் வழி இல்லாமல் இல்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த இராமிரெசும் பைலாக்கும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இங்குப் பயன்படும். தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிடம், தம் அச்சம் இன்னது என்று தாளில் எழுதிய மாணவர், எழுதாதவரைக் காட்டிலும் நன்றாகத் தேர்வெழுதினர். மிகுதியாக அஞ்சியவரே மிகுதியாகப் பயன் பெற்றனர். வீட்டை விட்டுப் புறப்படுமுன் இதனைச் செய்து பார்க்கலாம். எழுதிய தாளைக் கிழித்தெறிந்துவிடலாம். நம் பொதுத்தேர்வில் வினாத்தாளைப் படித்துப் பார்ப்பதற்கென்றே பத்து நிமிடம் ஒதுக்கியுள்ளனர். அப்போது தெரியாத வினாவையே வெறித்துப் பார்த்துக்கொண்டிராமல், நன்கு தெரிந்தவற்றை மனத்தில் குறித்துக்கொள்க. அவற்றை முதலில் எழுதுக. எழுத எழுத, மறந்தது போல் இருந்தவையும் ஒவ்வொன்றாக வரும். மூச்சை மெல்ல உள்ளிழுத்து, இழுத்த நேரத்தினும் நீண்ட நேரம் வெளிவிட்டால் நெஞ்சின் துடிப்புத் தணியும்.

இனித் துயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடிகளார் துயிலையும் உடல்நலத்தையும் எளியனவாகக் கருதியவர் அல்லர்; 'யோகநித்திரை அல்லது அறிதுயில்' என ஒரு நூலும், 'மக்கள் நூறாண்டு உயிர்வாழ்க்கை' என மற்றொரு நூலும் இயற்றினார். ஆனால் நம் வீடுகளில் துயில் என்பது சோம்பலின் மறுபெயராகவே எண்ணப்படுகின்றது.

1924-இல் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சென்கின்சு, தாலன்பாக் என்னும் இருவர் ஒரு சோதனை செய்தனர். இரண்டு மாணவர் அசைப் பட்டியல்களை மனப்பாடம் செய்தனர். சில நாள் மனப்பாடம் செய்தவுடன் உறங்கினர். சில நாள் விழித்திருந்து வழக்கமான வேலைகளைச் செய்தனர். ஒரு மணி, இரண்டு மணி, நான்கு மணி, எட்டு மணி நேரம் கழித்துக் கேட்டபோது, உறங்கிய நாள்களிலேயே மிகுதியாக நினைவில் நின்றது. பின்வந்த அறிஞர், உறங்கும்போது மூளை சும்மா இருப்பதில்லை என்றும், பகலில் கற்றதை நிலைபெறச் செய்யும் பணி அப்போது நடைபெறுகின்றது என்றும் காட்டியுள்ளனர். வயல் காயும்போது வேர் இறங்குவதை ஒத்ததே இது. 13 முதல் 18 அகவை வரை உள்ளோர் நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரம் உறங்க வேண்டும் என்று அமெரிக்கத் துயில் மருத்துவ அறிஞர் குழு 2016-இல் அறிவித்தது. நள்ளிரவு 12 மணிக்குப் படுத்து 4 மணிக்கு எழும் மாணவன் இதில் பாதியையே பெறுகின்றான்.

"வைகறையில் எழுந்து படிக்க வேண்டும் என்று பெரியோர் சொல்லவில்லையா?" என்று கேட்பீர்கள். சொன்னார்கள், உண்மை. ஆனால் அவ்வாறு சொன்ன பெரியோர் எத்தனை மணிக்கு உறங்கினர் என்பதை ஒருவரும் கேட்பதில்லை. மின்விளக்கு வருமுன் எங்கள் ஊர்ப்புறங்களில் இரவு எட்டு மணிக்குமேல் விழித்திருப்பார் அரியர். மண்ணெண்ணெய் சிக்கனப்படுத்த வேண்டிய பொருள். எட்டரைக்குப் படுத்தவன் நான்கரைக்கு எழுவது இயல்பே. எட்டு மணி நேரத் துயில் அவனுக்கு நிறைவுற்றது. முன்னிரவில் இக்காலத்தார் போலவும் பின்னிரவில் அக்காலத்தார் போலவும் வாழ முயல்வதே தொல்லை. அதிகாலையில் கடலுக்குப் புறப்படும் மீனவர்கூட மாலையிலேயே உண்டு படுத்துவிடுவர். கடலுக்குப் போகிறவனுக்குக் கண் சொருகினால் என்ன ஆகும் என்பதை அவர் நன்கறிவர்.

துயிலைக் கெடுப்பவற்றுள் கைப்பேசி முதன்மையானது. படுக்கையறையில் அதற்கு இடம் கொடாதீர்கள்; கூடத்தில் வைத்துவிட்டுப் படுக்கச் செல்லுங்கள். தேநீரும் காப்பியும் மாலை நான்கு மணிக்குமேல் வேண்டா. அவற்றிலுள்ள காபீன் என்னும் பொருள், குடித்து ஐந்து மணி நேரம் கடந்தபின்னும் ஏறத்தாழப் பாதியளவு உடலில் நிற்கும் தன்மையது. அன்னையர் அன்பினால் இரவில் கொடுக்கும் தேநீர், பிள்ளையின் துயிலை எடுத்துக்கொண்டு விழிப்பைக் கொடுக்கின்றது. அவ்விழிப்பில் படித்தது காலையில் நிற்பதில்லை.

தேர்வை அளவுக்கு மீறிப் பெரிதாக்குதலும் அமைதியைக் கெடுக்கும். கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை இராமானுசனை அறியாதார் இலர். 1904-இல் அவ்வூர் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்த அவர், கணக்கிலேயே மூழ்கி ஏனைப் பாடங்களைக் கைவிட்டமையால் தேர்வில் தவறினார்; உதவித்தொகையையும் இழந்தார். சென்னையில் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்து படித்தும் 1907-இல் மீண்டும் தவறினார். அவரே 1918-இல் இலண்டன் அரசக் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இதனைக் கொண்டு பாடங்களைக் கைவிடலாம் என்று எவரும் எண்ணற்க. அவ்விரு தோல்விகளும் அவரை எத்தனை ஆண்டு வறுமையில் அலைக்கழித்தன என்பதையும் உடன் எண்ண வேண்டும். தோல்வி துன்பமே. ஆனால் அத்துன்பம் வாழ்வின் எல்லை அன்று. நம் அரசும் 2017 முதல் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்திவிட்டது. தவறியவர்க்கு அவ்வாண்டிலேயே துணைத்தேர்வும் உண்டு. மதிப்பெண் குறைந்ததென்று உயிரை வெறுக்கும் எண்ணம் தோன்றினால், அன்றே, அப்பொழுதே, தாய் தந்தையரிடமோ ஆசிரியரிடமோ வாய் திறந்து சொல்லிவிட வேண்டும்; அவரிடம் சொல்லக் கூசினால் 104 என்னும் எண்ணில் அழைத்துப் பேசலாம். இதைச் சொல்ல நாணுதல் கூடாது.

என் மாணாக்கன் ஒருவனைப் பற்றிக் கூறி முடிக்கின்றேன். அவன் அக்கரைப்பேட்டையைச் சார்ந்தவன், பெயர் வேண்டா. 2004-ஆம் ஆண்டு திசம்பர் 26-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலை ஆழிப்பேரலை எழுந்து, நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுசென்றது. அவன் தாயும் அவர்களுள் ஒருத்தி. மூன்று திங்களுக்குள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. தற்காலிகக் குடியிருப்பில் தந்தையோடும் தமக்கையோடும் இருந்த அவன், மாலைப் படிப்பு வகுப்பிற்குத் தவறாமல் வந்தான். நூலைத் திறந்து வைத்துக்கொள்வான். ஒரு பக்கமும் புரளாது. இரவில் உறங்குகின்றாயா என்று ஒரு நாள் தனியே அழைத்துக் கேட்டேன். "கண்ணை மூடினால் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது, ஐயா" என்றான்.

படி என்று அவனிடம் சொல்ல எனக்கு வாய் எழவில்லை. மறுநாள் முதல் வகுப்பின் மூலையில் ஒரு பாய் விரிக்கச் செய்தேன். மற்றவர் பாடம் ஒப்பிக்கும் ஒலியில் அவன் படுத்திருந்தான். முதல் இரண்டு நாள் விழித்தே கிடந்தான். மூன்றாம் நாள் உறங்கிவிட்டான். பிள்ளைகள் குரலைத் தாழ்த்தினர். குரலைத் தாழ்த்தாமல் எப்போதும் போல் ஒப்பிக்குமாறு நான் சைகை காட்டினேன். வகுப்பு முடிந்தும் அவனை எழுப்பவில்லை. தந்தையார் தேடிக்கொண்டு வந்து, மகன் உறங்குவதைக் கண்டு, அவனருகில் சுவரில் சாய்ந்து அமர்ந்துகொண்டார். ஏறத்தாழ ஒரு திங்கள் அவன் அங்கு வந்து உறங்கினான். அதன்பின் ஒரு நாள் தானே எழுந்து அமர்ந்து, பக்கத்திலிருந்தவன் தடுமாறிய அடியை எடுத்துக் கொடுத்தான். உறக்கத்தினூடே கேட்டதா, முன்னமே கற்றதா என்று யான் கேட்கவில்லை.

பங்குனித் தேர்வில் கணக்கு ஒன்று தவிர ஏனையவற்றில் தேறினான். அவ்வாண்டே மீண்டும் எழுதி அதனையும் முடித்தான். இன்று படகுப் பொறிகளைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்று நடத்திவருகின்றான். அண்மையில், பொதுத்தேர்வு தொடங்கிய நாளன்று காலையில், பள்ளி வாயிலில் அவனைக் கண்டேன். தமக்கை மகளைத் தேர்வுக்கு அழைத்து வந்திருந்தான். பிள்ளை நன்றாகப் படித்திருக்கின்றாளா என்று கேட்டேன்.

"படித்திருக்கிறாள், ஐயா. நேற்று ஒன்பது மணிக்கே விளக்கை அணைத்துவிட்டோம்" என்றான்.